நெல்லிப்பள்ளத்து விரதம்

அபிநந்தன் தமிழ்நாட்டுக்குத் திரும்பிவிட்டார் என்கிற செய்தி திருப்பருத்திக்குன்றத்து ஜைன நயினார் வீடுகளுக்கெல்லாம் ஆனி மாதமே தெரிந்துவிட்டது. அவர் பெண்டாட்டி ரத்னமாலாவுக்கு ஆவணியில்தான் தெரிந்தது. கட்டியவளுக்குக் கடைசியில் சொல்ல வேண்டும் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஆனால் நடப்பது அப்படித்தான்.

சொன்னவர் அப்பாண்டை நயினார். ஊரில் ஜினாலயத்துக் காரியங்களை முன்னின்று பார்க்கிற பெரிய மனிதர், அபிநந்தனுக்கு மாமன் முறை. காஞ்சிபுரத்துக்குள் பிள்ளையார்பாளையத்தில், நெசவுக்காரர்கள் தெருவில் ரத்னமாலா குடியிருந்த ஒற்றை அறைக்கு அவரே நடந்து வந்தார். வந்தவர் வாசலோடு நின்றுகொண்டார். உள்ளே ராட்டையும் பட்டு நூலும் இருந்தன.

"மழைக்காலம் நாலு மாசமும் சாமி ஜவ்வாது மலையில தங்கிக்கினு இருக்குறாரும்மா. நெல்லிப்பள்ளம்னு ஒரு எடம். அருவி இருக்குது, பாறைக் குகை இருக்குது. ஊருக்கு ஊர் முறை வெச்சுப் போயி ஆகாரம் குடுத்துக்கினு வராங்க. அடுத்த வாரம் நம்ம முறை. நீயும் வரணும்னா வா."

சாமி என்றது அபிநந்தனைத்தான். பதினொரு வருஷத்துக்கு முன்பு வரை நெல் வியாபாரம் பார்த்துக்கொண்டு, வெற்றிலையில் சுண்ணாம்பு கூடிவிட்டால் மனைவியிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த மனிதர். இப்போது க்ஷமாகீர்த்தி முனிவர். உடுத்தத் துணி கிடையாது, ஒதுங்க வீடு கிடையாது. கையில் ஒரு மயிற்பீலிக் கற்றை, ஒரு கமண்டலம். ஒரு நாளைக்கு ஒரே வேளை, நின்றபடியே, இரண்டு கையையும் சேர்த்து ஏந்தி வாங்கி உண்பார்.

துறவு வாங்கிக்கொள்ள மனைவியின் சம்மதம் வேண்டும் என்பது முறை. கேட்டார்கள். நூறு பேர் கூடிய பந்தலில், மேளக்காரர்களை நிறுத்தி வைத்துவிட்டுக் கேட்டார்கள். அந்த இடத்தில் மாட்டேன் என்று சொல்லக்கூடிய பெண் இன்னும் பிறக்கவில்லை. ரத்னமாலா தலையை ஆட்டினாள். அவர் போன பிறகு அவள் பொட்டு வைக்கலாமா கூடாதா என்பது ஊருக்கே தெரியவில்லை. பெரியவர்கள் கூடிப் பேசி, முடிவுக்கு வராமல், மோர் குடித்துவிட்டுக் கலைந்தார்கள்.

அவருடைய நெல் மண்டி கை மாறியது. கொழுந்தன்மார்களுக்கு அவளும் பிள்ளையும் பாரம் என்பது ஆறே மாதத்தில் புரிந்தது. பிள்ளையார்பாளையத்துக்கு வந்து, தறிக்காரர்களுக்குத் தார் சுற்றிக் கொடுத்து, அதாவது ஊடைப் பட்டை ராட்டையில் சிறு குழலில் ஏற்றிக் கொடுத்து, பிழைத்தாள். புழுவைக் கொதிக்க வைத்து எடுத்த நூலைத் தொடுகிற கை என்று நயினார் வீடுகளில் அவளுக்கு அதற்குப் பிறகு சொம்புத் தண்ணீர்கூட விளிம்பைத் தொடாமல்தான் வந்தது. அப்பாண்டை நயினாரின் மனைவி மதனவதி இதில் ரொம்பக் கண்டிப்பு. அவள் மகள் கல்யாணக் கூறைப்புடவையை என்ன வாழைநாரிலா நெய்தார்கள் என்று ரத்னமாலா கேட்டதில்லை.

"நான் வரேன் மாமா. ஆனா நான் வேடிக்கை பாக்க வரல. தயாவதி செத்துப்போன சேதிய அவருக்கு நான் சொல்லணும். எப்படிச் செத்தான்னு சொல்லணும். என் வாயால சொல்லணும்."

அப்பாண்டை நயினார் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆறு வருஷமாக இந்தப் பேச்சு வந்தால் துண்டை எடுப்பது அவர் வழக்கமாகிவிட்டது.

வீட்டை விட்டுப் போகிற அன்று காலை, அபிநந்தன் ஏழு வயது மகள் தயாவதியை ஜினாலயத்துக்கு அழைத்துக்கொண்டு போனார். பொழுது சாய்ந்த பிறகு வாயில் ஒன்றும் போடுவதில்லை, சொட்டுத் தண்ணீர்கூட இல்லை என்று அவளை விரதம் ஏற்கச் சொன்னார். ஜைன வீடுகளில் இருட்டுக்கு முன்னால் சாப்பிட்டு முடிப்பது வழக்கம்தான். குழந்தைகளுக்கு யாரும் அவ்வளவு கெடுபிடி வைப்பதில்லை. இவர் வைத்தார். "அப்பா வந்து விடுன்னு சொல்ற வரைக்கும் விட மாட்டேன்னு சொல்லும்மா" என்றார். "மாட்டேன்" என்றது குழந்தை. அப்பா வருவார் என்று அது நினைத்துக்கொண்டது.

பன்னிரண்டு வயதில் விஷக்காய்ச்சல் வந்தது. ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம் மாத்திரை கொடுக்க வேண்டும், நிறையத் தண்ணீர் குடிக்க வைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். பகலெல்லாம் சமர்த்தாக விழுங்கினாள். விளக்கு வைத்தவுடன் பல்லைக் கடித்துக்கொண்டாள். ரத்னமாலா கெஞ்சினாள், அடித்தாள், அடுத்த குடித்தனத்து அம்சா வந்து மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றிப் பார்த்தாள். அத்தனையும் தலையணையில் வழிந்தது. "அப்பா விடச் சொன்னா குடிக்கிறேம்மா" என்றாள். உதடெல்லாம் வெடித்துப்போய், நாக்கு எழும்பாமல், அதை மட்டும் தெளிவாகச் சொன்னாள்.

ரத்னமாலா திருப்பருத்திக்குன்றத்துக்கு ஓடினாள். முனிவர்கள் கூட்டம் அப்போது கொல்லாப்பூர்ப் பக்கம் இருந்தது, அப்பாண்டை நயினாருக்கு விலாசம் தெரியும். ஒரு தந்தி, ஒரே ஒரு வார்த்தை போதும் என்று காலில் விழுந்தாள். "துறந்தவருக்கு வீட்டுச் சேதி அனுப்புறது பாவம்மா. அவரு தவத்துக்குப் பங்கம்" என்று அவர் சொல்லிவிட்டார். காய்ச்சலில் கிடப்பவர்களுக்கு விரதத்தில் விலக்கு உண்டு என்பதும் அவருக்குத் தெரியும். அவரே வந்து தயாவதியிடம் சொல்லியும் பார்த்தார். அவர் அப்பா இல்லையே. கடைசியில் ரத்னமாலா தானே ஒரு கடுதாசி எழுதி, அப்பா போட்டது என்று கொண்டுவந்து காட்டினாள். தயாவதி வாங்கிப் பார்த்தாள். "இது அப்பா எழுத்து இல்லம்மா" என்று மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

பதினெட்டாம் நாள் எல்லாம் முடிந்துபோயிற்று.

"சொல்லு, வேணாங்கல" என்றார் அப்பாண்டை நயினார், துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டு. "ஆனா ஆகாரம் முடிஞ்ச பெறகு சொல்லு. கையில சோறு இருக்கிறப்போ சாவு சேதி காதுல விழுந்தா, அழுகைச் சத்தம் விழுந்தா, அதோட கைய விட்டுடுவாரு. மறுநாள் வரைக்கும் தண்ணிகூட கெடையாது. சாப்பிட்டு முடிச்சா கொஞ்ச நேரம் ஒக்காந்து பேசுவாரு. அப்புறம் மௌனம். அந்தக் கொஞ்ச நேரத்துல சொல்லிடு. இன்னொண்ணு, நீ வரிசையில நிக்கக் கூடாது. முன்ன சம்சாரமா இருந்தவ எதிர்ல நிக்கறது நல்லா இல்ல."

பத்து நாள் பட்டைத் தொடாமல் இருந்தாள். அம்சா அவள் வேலையையும் சேர்த்துச் சுற்றினாள். கிளம்புகிற அன்று விடியற்காலை பஸ்ஸுக்கு வழியனுப்ப வந்தவள், "நல்லா நாலு வார்த்தை கேட்டுட்டு வாம்மா. பாவ புண்ணியமெல்லாம் அப்பால பாத்துக்கலாம்" என்றாள்.

ஆரணி வழியாகப் போளூர், அங்கிருந்து அடிவாரம், அப்புறம் நடை. கூட்டத்தில் மொத்தம் ஒன்பது பேர். முன்னால் மலைக்காரப் பெண் கங்கையம்மாள் தலையில் அரிசி மூட்டையோடு ஏறினாள். பின்னால் நயினார் வீட்டுப் பெண்கள் தரையைப் பார்த்துப் பார்த்து, எறும்பு மிதிபடாமல் காலை வைத்தார்கள். ஒவ்வொரு பர்லாங்குக்கும் உட்கார்ந்தார்கள். மதனவதிக்கு மூச்சு வாங்கியது. தவம் பண்ணுகிறவர் கொஞ்சம் பஸ் வசதி உள்ள இடமாகப் பார்த்திருக்கலாம் என்று அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மூன்று மணி நேரம் ஏறின பிறகு பாதை சட்டென்று கீழே சரிந்தது. சத்தம்தான் முதலில் வந்தது. பிறகு குளிர்ச்சி. நெல்லி மரங்களுக்கு நடுவே இறங்க இறங்க வெளிச்சம் பச்சையாக மாறியது. மூன்று பக்கமும் பாறைச் சுவர். ஒரு சுவரின் உச்சியிலிருந்து தண்ணீர் வெள்ளையாக விழுந்து, கீழே ஒரு பெரிய சுனையில் அடங்கி, கல்லும் கூழாங்கல்லும் தெரிய ஓடிக்கொண்டிருந்தது. பாறையில் மலைத்தேன் அடைகள் தொங்கின. ஆள் நடமாட்டத்தின் வாடையே இல்லை. வந்தவர்கள் எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

ரத்னமாலாவுக்கு வயிறு எரிந்தது. அவள் இவ்வளவு நாளும் அவரை வெயிலில், கால் சுடுகிற பாறையில், முள்ளில் நினைத்து வைத்திருந்தாள். அப்படி நினைத்துக்கொண்டால்தான் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. இப்படி ஓர் இடத்தில் உட்கார்ந்தால் எவனுக்குத்தான் பற்று அறாது? பிள்ளையார்பாளையத்து ஒற்றை அறையில், தறிச் சத்தத்தில், சாக்கடை ஓரம் உட்கார்ந்து பற்றை அறுத்துக் காட்டட்டுமே என்று நினைத்தாள். நினைத்ததற்காகக் கன்னத்தில் போட்டுக்கொள்ளவும் இல்லை.

அருவிக்கு மேற்கே குகை. கிழக்கே, கீற்று வேய்ந்த சமையல் கொட்டகை. முந்தின முறைக்காரர்கள், செய்யாற்றுப் பக்கத்து ஊர்க்காரர்கள், கலங்கிப்போய்க் காத்திருந்தார்கள். சாமி இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை.

"சங்கல்பம் கூடல" என்றார்கள்.

இது அவர்கள் முறை. ஆகாரத்துக்குக் கிளம்பும் முன் முனிவர் மனதுக்குள்ளேயே ஒரு நிபந்தனை வைத்துக்கொள்வதுண்டு. இன்ன மாதிரி ஆள், இன்ன பொருளோடு எதிரே நின்றால்தான் இன்றைக்கு உணவு என்று. வெளியே சொல்ல மாட்டார். வரிசையாக நிற்பவர்களைப் பார்த்துக்கொண்டே வருவார். நினைத்தது அமைந்தால் நிற்பார். அமையாவிட்டால் வந்த வழியே திரும்பிவிடுவார், அன்றைக்குப் பட்டினி.

மறுநாள் காலை மதனவதி கையில் மட்டைத் தேங்காயோடு நின்றாள். அவள் தங்கை எலுமிச்சம்பழத்தோடு. இன்னொருத்தி பூரண கும்பத்தோடு. அப்பாண்டை நயினார் முன்யோசனையாக ஒரு கையில் கரும்பும் ஒரு கையில் நெல்லிக்கொத்தும் வைத்துக்கொண்டார். ரத்னமாலா கொட்டகைக்குப் பின்னால், கீற்று இடுக்கு வழியாகப் பார்த்தாள்.

பாறைப் படிகளில் அவர் இறங்கி வந்தார். எலும்புக்கு மேல் தோல் மட்டும் இருந்தது. தலைமயிரைக் கையாலேயே பறித்து எடுத்த தலை. ஆனால் நடை அதே நடை, இடது காலைக் கொஞ்சம் வெட்டி வைக்கிற நடை. மண்டியிலிருந்து மத்தியானம் சாப்பாட்டுக்கு வரும்போது தெருமுனையிலேயே அவள் அடையாளம் கண்டு இலை போடுகிற நடை. வலது கை விரல்களைக் குவித்துத் தோளில் வைத்தபடி, ஒவ்வொரு முகமாக நின்று பார்த்தார். கண் பளிச்சென்று இருந்தது. தேங்காயைப் பார்க்கவில்லை, கரும்பைப் பார்க்கவில்லை, முகங்களைப் பார்த்தார். பிறகு திரும்பி மேலே போய்விட்டார்.

"மூணு நாளு" என்று மதனவதி அழுதாள். கொட்டகையில் வடித்த சோற்றை மலைக்காரர்களுக்குக் கொடுத்தார்கள். ரத்னமாலா கீற்றைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அந்த விலா எலும்புகளைப் பார்க்கும் வரையில் தன் கோபம் இவ்வளவுதான் என்று அளவு தெரிந்து வைத்திருந்தாள். இப்போது அதில் இரக்கம் வந்து கலந்துவிட்டது. அதற்காகத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

அடுத்த நாள் காலை வரிசை மறுபடி நின்றது. சமையலுக்குத் தண்ணீர் போதவில்லை என்று ரத்னமாலா குடத்தோடு அருவிக்குப் போனாள். நயினார் வீடுகளில் தண்ணீரை இரட்டைத் துணியில் வடிகட்டித்தான் எடுப்பார்கள். வடிகட்டிய துணியை அதே சுனையில் புரட்டி அலசுவார்கள், துணியில் ஒட்டின கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் தங்கள் தண்ணீருக்கே திரும்பட்டும் என்று. தயாவதிக்கு இந்த வேலை ரொம்பப் பிடிக்கும். "போங்க, உங்க ஊட்டுக்குப் போங்க" என்று துணியை அலசுவாள். ரத்னமாலா அலசிவிட்டு, குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நிமிர்ந்தாள்.

எதிரே அவர் நின்றுகொண்டிருந்தார்.

படி வழுக்கியதால் சுனை ஓரமாகச் சுற்றி வந்திருக்கிறார். ஐந்தாறு அடி தூரம். விரல்கள் தோளில். அவள் முகத்தையே பார்த்தார். ஒரு கணம் இல்லை, நன்றாக, நிதானமாகப் பார்த்தார். அப்புறம் நகரவில்லை. நின்றுவிட்டார்.

அந்த நிமிஷத்தில் ரத்னமாலாவுக்கு ஒன்று புரிந்தது. புரிந்துவிட்டதாக நினைத்தாள். மூன்று நாளாக இவர் காத்திருந்தது எனக்காகத்தான். ஊர்க்காரர்கள் முறை வருகிறது, அதில் நான் வருவேன், என் கையால்தான் உண்பது என்று மனதில் வைத்துக்கொண்டிருக்கிறார். வாய் திறந்து கூப்பிட முடியாத மனிதர் பட்டினி கிடந்து கூப்பிட்டிருக்கிறார். பதினொரு வருஷத்துக் கசப்பும் அவள் நெஞ்சுக்குள் அப்படியே கரைந்து போயிற்று. வெட்கக்கேடு என்னவென்றால், நரைத்துப்போன தலையைக் கையால் ஒதுக்கிக்கொண்டாள். முன்பல் இரண்டு இல்லாத வாயை மூடிக்கொண்டாள்.

மேலேயிருந்து அப்பாண்டை நயினார் கத்தினார். "சொல்லும்மா! நமோஸ்து சொல்லு! நிக்கச் சொல்லு! வாயத் தொறந்து சொல்லும்மா!" பட்டு தொட்ட கை, முன்னாள் சம்சாரம், எல்லாம் காற்றில் போய்விட்டது. சாமி சாப்பிட்டால் போதும்.

"நமோஸ்து, நமோஸ்து, நமோஸ்து. இங்க நில்லுங்க சாமி, நில்லுங்க. மனம் சுத்தம், வாக்கு சுத்தம், காயம் சுத்தம். ஆகாரமும் தண்ணியும் சுத்தம்."

மனம் சுத்தம் என்று சொல்லும்போது குரல் தடுக்கியது. ஆனால் அந்த நேரத்தில் அது பொய்யில்லை.

கொட்டகையில் அவர் இரண்டு கையையும் சேர்த்து ஏந்தி நின்றார். அவள் சோற்றைச் சிறு உருண்டையாகப் பிடித்து வைத்தாள். அவர் விரலால் தடவி, பூச்சியோ மயிரோ இருக்கிறதா என்று பார்த்து, வாயில் போட்டுக்கொண்டார். பருப்பு, நெய், காய்ச்சி ஆற்றிய பால், வெந்நீர். மூன்று நாள் பசியின் அவசரம் அந்த முகத்தில் இல்லை. தொண்டை மட்டும் ஏறி இறங்கியது. பத்தாவது கவளத்தில் சொல்லிவிடலாமா என்று நாக்கு துடித்தது. தயாவதி செத்துட்டா. இரண்டே வார்த்தை. கை விலகிவிடும், சோறு தரையில் விழும், நாலாவது நாளும் பட்டினி. தயாவதிக்கும்தான் பதினெட்டு நாள் தொண்டை வறண்டு கிடந்தது.

சொல்லவில்லை. எனக்காகக் காத்திருந்தவர், முதலில் சாப்பிடட்டும் என்று இருந்தது. அழுகை முட்டியபோது கீழுதட்டைக் கடித்துக்கொண்டாள். உப்புக் கரித்தது. இருபத்திரண்டு கவளம் அவர் உண்டார். அவள் ஒவ்வொன்றையும் எண்ணினாள். கையைக் கழுவ அவள்தான் தண்ணீர் விட்டாள்.

சாப்பாடு முடிந்து அவர் பாறைமேல் உட்கார்ந்தார். எல்லாரும் சுற்றி உட்கார்ந்தார்கள். அன்றைக்கு உணவு கொடுத்தவள் என்பதால் ரத்னமாலாவை முன்னால் உட்கார வைத்தார்கள், மதனவதியே கையைப் பிடித்து உட்கார வைத்தாள். சந்தோஷம் தாங்காமல் அப்பாண்டை நயினார் கேட்டார்.

"சாமி, மூணு நாளா எங்க உயிரே போயிடுச்சு. என்ன சங்கல்பத்துல இருந்தீங்கன்னு தெரிஞ்சுக்கலாமா?"

அவர் சிரித்தார். அவளுக்கு அந்தச் சிரிப்பு தெரியும். ரத்னமாலா தலையைக் குனிந்துகொண்டாள்.

"தெரிஞ்சவங்க கையால வாங்கிச் சாப்பிட்டா அதுலயும் ஒரு பற்று ஒட்டிக்கினு வருது நயினாரே. அதனால, முன்ன பின்ன பாத்தே இராத முகம் ஒண்ணு வந்து நின்னாத்தான் ஆகாரம்னு வெச்சுக்கினேன். மூணு நாளும் தெரிஞ்ச முகமாவே இருந்தது. இன்னிக்கு இந்த அம்மா கெடைச்சாங்க."

மதனவதி ரத்னமாலாவின் கையை விட்டுவிட்டாள். அப்பாண்டை நயினார் துண்டைத் தேடினார். குளித்துவிட்டு மடியாக வந்ததால் தோளில் துண்டு இல்லை.

அவர் அதையெல்லாம் கவனிக்கவில்லை. உணவு கொடுத்தவர்களுக்கு ஒரு விரதம் கொடுத்து ஆசீர்வதிப்பது வழக்கம். மயிற்பீலியைக் கையில் எடுத்துக்கொண்டு ரத்னமாலாவிடம் பேசினார்.

"இருட்டின பெறகு உண்ணாமை இருக்கியாம்மா? நல்லது. அத விடப் பெரிய விரதம் இல்ல. அத சின்னதுல குடுத்துடணும். பெரியவங்க ஆயிரம் சாக்கு சொல்லுவாங்க, குழந்தைங்க சொல்லாது. ஏழு வயசுல ஒரு பொண்ணுக்கு நான் குடுத்தேன். விடுன்னு நான் சொல்ற வரைக்கும் விட மாட்டேன்னு சொல்லிச்சு. இன்னிக்கும் அது விட்டிருக்காது. போற ஊர்லயெல்லாம் அந்தக் குழந்தையத்தான் நான் எடுத்துச் சொல்றேன்."

ரத்னமாலா நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். பெருமை இருந்தது அதில். ஒரு குழந்தையைப் பற்றின பெருமை இல்லை அது, நல்ல நெல்லை நல்ல விலைக்கு விற்றுவிட்டு வந்த நாளில் இருக்கிற பெருமை. அதன் பெயர் என்ன, எப்படி இருக்கிறது, பெரியவளாகிவிட்டாளா என்று ஒன்றும் இல்லை. விரதம் நினைவிருந்தது.

சொல்ல வேண்டிய இடம் இதுதான். இதைவிட நல்ல இடம் தேடினாலும் கிடைக்காது. அப்பாண்டை நயினார்கூட அவளைப் பார்த்து மெல்லத் தலையை அசைத்தார், சொல்லிவிடு என்பதுபோல.

அவள் வாயைத் திறந்தாள். திறந்தபோதே அடுத்தது என்ன ஆகும் என்று தெரிந்துவிட்டது. இவர் கண்ணை மூடிக்கொள்வார். ஒரு நாள் உபவாசம் இருப்பார். அப்புறம் போகிற ஊரிலெல்லாம், உயிர் போகும்போதும் விரதத்தை விடாத பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள் என்று சொல்வார். கேட்கிறவர்கள் நமோஸ்து என்பார்கள். ஏழு வயதுப் பிள்ளைகளைக் கூட்டி வந்து உட்கார வைத்துக் கேட்க வைப்பார்கள். வெடித்துப்போன உதடு, தலையணையில் வழிந்த தண்ணீர், எல்லாம் இவர் தவத்துக்கு வரவு ஆகிவிடும். தயாவதியை அவள் அப்படிக் கொடுப்பதாக இல்லை.

"உனக்குக் குழந்தைங்க உண்டாம்மா?" என்று அவர் கேட்டார்.

"இல்ல சாமி" என்றாள் ரத்னமாலா.

"அதுவும் நல்லதுதான். ஒரு பற்று கொறைச்சல்" என்று அவர் மயிற்பீலியை அவள் தலைக்கு மேல் உயர்த்தினார். பிறகு எழுந்து, இடது காலை வெட்டி வைத்து, பாறைப் படியேறிக் குகைக்குள் போய்விட்டார். அதோடு மௌனம்.

மத்தியானமே கிளம்பினார்கள். எல்லாரும் பொழுதோடு சாப்பிட்டுக்கொண்டார்கள். ரத்னமாலா சாப்பிடவில்லை. சாமிக்கு ஆகாரம் கொடுத்த புண்ணியத்தில் பசிக்கவில்லை போலிருக்கிறது என்று மதனவதியின் தங்கை சொன்னாள், சாமி சொன்ன குழந்தை யார் என்று அவளுக்குத் தெரியாது. இறங்கும் வழியெல்லாம் யாரும் ரத்னமாலாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் தரையைப் பார்த்து நடக்கவில்லை. மிதிபட்டது மிதிபடட்டும் என்று நடந்தாள்.

அடிவாரத்துக்கு வந்தபோது சூரியன் மலைக்குப் பின்னால் விழுந்துவிட்டது. பஸ் நிற்கிற புளியமரத்தடியில் ஒரு டீக்கடை. கடைக்காரன் அரிக்கேன் விளக்கை ஏற்றி மாட்டினான். அப்பாண்டை நயினார் மெல்ல அவள் பக்கத்தில் வந்து நின்றார். அன்றைக்குத் தந்தி அடித்திருந்தால் என்ன என்று அவர் மனம் எத்தனை தடவை கேட்டிருக்கும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

"ஏம்மா சொல்லாம வந்துட்டே? அதுக்காகத்தான வந்தே?"

"யாருகிட்ட சொல்றது மாமா?"

"என்னம்மா இப்படிக் கேக்குற. பெத்தவருகிட்ட."

"அவரு முன்ன பின்ன என்னப் பாத்ததில்லையாம். முகம் தெரியாத ஆளுகிட்ட எல்லாம் என் பொண்ணு சாவச் சொல்லிக்கினு திரிய மாட்டேன்."

சொல்லிவிட்டு அவள் டீக்கடைப் பக்கம் நடந்தாள். "தண்ணி குடுப்பா" என்றாள். கடைக்காரன் பானையிலிருந்து ஒரு தம்ளர் மொண்டு நீட்டினான். வடிகட்டாத தண்ணீர். எண்ணெய் விளக்கைச் சுற்றிப் பூச்சிகள் பறந்தன.

"ரத்னமாலா!" என்று மதனவதி பதறினாள். "பொழுது சாஞ்சிடுச்சுடி!"

"தெரியுது" என்றாள்.

நாற்பத்தோரு வயதில், பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, விளக்கு வைத்த பிறகு அவள் தண்ணீர் குடித்தாள். எல்லாரும் பார்க்க, அவசரப்படாமல், கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். சின்னத் தம்ளர்தான். ஒரு மாத்திரையை விழுங்க அவ்வளவு போதும்.